புதூருக்குப் போன கடல்

சுண்டுவிரலைத் தொட்டித் தண்ணீரில் முக்கி நாக்கில் வைத்துப் பார்ப்பார் அப்துல் அலீம். கண்ணை மூடிக்கொள்வார். கல்யாண வீட்டில் பிரியாணிக்கு உப்புப் பார்க்கிற பண்டாரிகூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். "ஏறிப்போச்சு. நேத்து வெயிலு அம்புட்டு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, ஆற வைத்த நல்ல தண்ணீரைப் பீங்கான் கோப்பையால் மொண்டு தொட்டியின் ஓரமாக விடுவார். வெயிலில் தண்ணீர்தான் வற்றும், உப்பு அங்கேயேதான் கிடக்கும் என்பது சில மீன்களைப் பறிகொடுத்து அவர் தெரிந்துகொண்ட பாடம். விடியற்காலைத் தொழுகை முடிந்து வந்ததும் முதல் வேலை இது. டீ அப்புறம்தான்.

மதுரையில் கடல் கிடையாது. வைகையிலேயே வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், காஜிமார் தெருவில், கல்யாண வீடுகளுக்குப் பாத்திரமும் ஜமுக்காளமும் வாடகைக்கு விடுகிற மனிதர், நாலடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் கடலைக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஏர்வாடி தர்காவுக்குப் போனவர் அப்படியே மண்டபம்வரை போய், அங்கே கரையோரம் ஒரு பூவையும் அதற்குள் ஒளிந்து விளையாடிய ஒரு ஜோடி மீனையும் பார்த்தாராம். "பாத்தேன். விட்டுட்டு வர மனசில்ல" என்பார். வேறு காரணம் கேட்டால் அவரிடம் இல்லை. அந்தப் பூ செடியில் பூத்தது அல்ல. கல்லில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு பிராணி. கடல் சாமந்தி என்று படித்தவர்கள் சொல்வார்கள். அலீமுக்கு அது வெறும் 'பூவு'. அதன் இதழ்கள் வேறு மீன் பட்டால் கொட்டிவிடும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இந்த ஜோடியை மட்டும் மடியில் போட்டுக்கொள்ளும்.

வாரம் ஒருமுறை மண்டபத்திலிருந்து மீன் ஏற்றி வருகிற லாரியில், டிரைவர் முத்துக்கருப்பன் இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். "லாரியில வாரதுலயே ஐஸ் வேணாங்கிற சரக்கு இது ஒண்ணுதாண்ணே" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அலீம் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார்.

மனைவி ஆரிபாவுக்கு அந்தத் தொட்டி சக்களத்தி. வாய் நிறைய அப்படித்தான் சொல்வாள். "எனக்குப் புழுங்குனா விசிறிமட்டை. அதுக்குப் புழுங்குனா கரண்டு ஃபேனு" என்பாள். பொய்யில்லை. சித்திரை மாதம் முழுக்க வீட்டிலிருந்த ஒரே மேசை விசிறி தொட்டியின் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

அந்த ஆரிபா நச்சரித்து நச்சரித்து, ஆற்றுக்கு அந்தப்புறம் புதூரில் சொந்தமாக ஒரு வீடு எழும்பிவிட்டது. பால் காய்ச்சி பாத்திஹா ஓத நாளும் குறித்தாகிவிட்டது. கடலைக் குடி மாற்ற வேண்டுமே என்று அலீம் பல மாதமாகப் பிளாஸ்டிக் கேன்களைச் சேர்த்துப் பரணில் அடுக்கியிருந்தார். ஆனால் மனிதருக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. முந்தின நாள் சோழவந்தான் கல்யாணக்காரர்கள் குடிதண்ணீருக்குக் கேன் இருக்குமா பாய் என்று கேட்டார்கள். பரணைக் காட்டிவிட்டார். காலையில் ஏறிப் பார்த்தால் இரண்டே கேன்தான் மிச்சம்.

ஒன்றில் பூவையும் அது ஒட்டியிருந்த கல்லையும் ஜோடியையும் விட்டார். இன்னொன்றில் மற்றக் கற்களைப் போட்டார். மீதித் தண்ணீரை எதில் கொண்டுபோவது? "பாத்திரக் கடைக்காரருக்குப் பாத்திரத்துக்கா பஞ்சம் மச்சான்?" என்றார் ஆரிபாவின் தம்பி உமர் பாரூக். சொன்னதோடு நில்லாமல், கடையிலிருந்த மூன்று பிரியாணி தேக்சாக்களை உருட்டிக்கொண்டும் வந்துவிட்டார். செம்பில் அடித்து உள்ளே ஈயம் பூசிய பெரிய பாத்திரங்கள் அவை. கடல் உயிர்களுக்குச் செம்பு ஆகாது என்று முத்துக்கருப்பன் முன்பே எச்சரித்திருந்தார். அலீமுக்கு அது மறக்கவுமில்லை. ஆனால் உள்ளே ஈயம் பூசிவிட்டால் பாத்திரக்காரர் கணக்கில் அது செம்பில் சேராது. "நம்ம தேக்சா, எதை ஊத்தினாலும் கெடாது" என்று அவரே நின்று தண்ணீரை நிரப்பினார்.

காலித் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு டெம்போவின் பின்னால் உட்கார்ந்தார். பாலம் ஏறும்போது "பைய... பைய..." என்று அவர் போட்ட சத்தத்தில், ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "என்ன பாய், உள்ள புள்ளத்தாச்சியா இருக்கு?"

புது வீட்டு முன்னறையில் தொட்டியை வைத்து, இரண்டு தேக்சாத் தண்ணீரையும் மொண்டு ஊற்றியாயிற்று. மூன்றாவதை மொண்டுவரும்போது அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அகப்பை உரசி உரசி ஈயம் தேய்ந்து, செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. காலியான மற்ற இரண்டையும் சாய்த்துப் பார்த்தார். அவற்றிலும் அப்படியே. அலீம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு மணி நேரந்தான மச்சான் இருந்துச்சு. ஒண்ணும் ஆகாது" என்றார் உமர்.

"தயிரை இதுல வச்சிராதீங்க, களிம்பு எறங்கிரும்னு வாரவுக போறவுகளுக்கெல்லாம் நாந்தான் சொல்றேன் மாப்ள. உப்புத் தண்ணிய நானே ஊத்திக் கொண்டாந்துருக்கேன்."

"இதைக் கொட்டிட்டா நாளைக்கு விடியத்தான் லாரி. அதுவரைக்கும் கேனுக்குள்ள தாங்குமா?"

"தாங்காட்டியும் போகுது. தெரிஞ்சே வெசத்துல விட மாட்டேன்."

தொட்டியில் ஊற்றியதும் தேக்சாவில் இருந்ததும் தெருச் சாக்கடைக்குப் போயிற்று. மண்டபத்து ஐஸ் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டு முத்துக்கருப்பனிடம் சொல்லிவிட உமர் தபாலாபீசுக்கு ஓடினார். விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். மின்சாரத்துக்கும் அப்போதுதான் போக நேரம் வாய்த்தது. கேனுக்குள் காற்று விட்டுக்கொண்டிருந்த குழாயின் மோட்டார் நின்றது. கேனுக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அலீம் கேனின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணாடித் தம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஆற்ற ஆரம்பித்தார். தண்ணீரில் காற்றுக் கலந்தால்தான் அதுகளுக்கு மூச்சு. "என்ன அலீம் பாய், மீனுக்கு டீ ஆத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பலபேர் சிரித்தார்கள். பாத்திஹா ஓதி, பால் கொடுத்து, பந்தி விரித்தாயிற்று. ஆரிபா இரண்டு முறை வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். "பெறகு சாப்புடுறேன், நீ வந்தவங்களைக் கவனி" என்றார். மின்சாரம் பொழுது சாயத்தான் வந்தது. மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பூவு சுருங்கிக்கொண்டே வந்தது.

விடிந்ததும் முத்துக்கருப்பன் கிடைத்த கேனிலெல்லாம் கடலை நிரப்பிக் கொண்டுவந்து இறக்கினார். கழுவிய தொட்டி நிறைந்தது. கல்லோடு பூவைத் தூக்கி உள்ளே வைத்தார் அலீம். பிழிந்து போட்ட கந்தல் துணிபோல் ஒரு கைப்பிடி அளவே இருந்தது. மீன்கள் அதன் பக்கமே போகாமல் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன.

"செத்துப்போச்சாண்ணே?" என்று முத்துக்கருப்பன் மெதுவாகக் கேட்டார். அன்று அலீம் கடை திறக்கவில்லை. ஜும்மாத் தொழுகைக்கு மட்டும் போய்வந்தார். திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தார்.

கந்தலின் ஓரத்தில் ஓர் இதழ் விரல்போல் நீண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொன்று நீண்டது. பெரிய மீன் மூலையை விட்டு வந்து, விலாவை அதில் லேசாக உரசிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. இந்தத் தடவை உள்ளேயே நுழைந்துகொண்டது. அதன் ஜோடியும் பின்னாலேயே போயிற்று. அலீமுக்கு அழுகை வந்துவிட்டது. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஆரிபா... சோறு இருக்கா?"

நேற்றைய பிரியாணியைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள் ஆரிபா. கையில் இரண்டு தட்டு இருந்தது.

"நீ நேத்துச் சாப்புடலையா?"

"இது இப்படி வாடிக் கெடக்கயில எனக்கு எங்கிட்டு எறங்கும்?" என்று தொட்டியைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, தட்டுகளைத் தரையில் வைத்தாள்.

அலீம் எழுந்து பாயைச் சற்று இழுத்துப் போட்டார். பூவு நன்றாகத் தெரிகிற பக்கத்தை அவளுக்கு விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.