கோப்பை அடியில் எழுதிய இங்கிலீஷ்

பகல் பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது. தாலுகா ஆபீஸ் பக்கத்தில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையில், ரேஷன் கார்டு நகலுக்காக இரண்டு பேர் நின்றிருந்தார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவரின் அண்ணன் கொளஞ்சிநாதன் பேசினார். "கயலு, அவ போயிட்டாம்மா" என்றார். பிறகு, "கடைய சாத்திட்டு வூட்டுக்குப் போ. அம்மா தனியா இருக்குது" என்றார். கையிலிருந்த கார்டை நகலெடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

போனவள் அம்சவல்லி அக்கா, கொளஞ்சிநாதனின் மனைவி, என் ஓரகத்தி. முப்பத்தெட்டு வயது. நான் திட்டக்குடியிலிருந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, பி.ஏ. படித்தவள் என்று எல்லோரும் என்னை ஒரு மாதிரி தள்ளி நின்று பார்த்தார்கள். அக்கா மட்டும், "படிச்சிருக்கியே, கருவாடு ஆயத் தெரியுமாடி?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப வா, நானே பாஸ் போடுறேன்" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

அக்கா நல்லூர் பக்கத்துக் கிராமத்தில் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் ஒன்றில்தான் போய்விட்டது. அதோடு கல்யாணம். விருத்தாசலத்தில் தேநீர்க் கோப்பை செய்யும் ஒரு பீங்கான் கம்பெனியில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த கோப்பையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். நீலச் சாயம் தொட்ட குச்சியால் அடியில் எண் எழுதிப் பலகையில் அடுக்க வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். "பவுடர் செலவு மிச்சம்" என்பாள்.

அந்தப் பீங்கான் மாவுதான் நெஞ்சில் இறங்கியது. இருமல் ஒரு வருஷம் நிற்காமல் போனதும் டாக்டரிடம் கூட்டிப் போனோம். "இந்தத் தூசியில இனிமே உட்காராதீங்க" என்றார் அவர். உட்காராமல் எப்படி? கொளஞ்சிநாதனுக்குப் பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டும் வேலை. கரும்பு வெட்டு முடிந்தால் அதுவும் இல்லை. அப்போதுதான் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார் என்று தெரிந்தது. பத்தாவது தேறியிருக்க வேண்டும், நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள்.

"அந்த வேலை கெடச்சா சாம்பார் வாசனையில இருமலாம்டி கயலு. இங்கிலீஷ எப்புடியாச்சும் என் மண்டையில ஏத்து."

இரண்டாயிரத்து ஆறு பொங்கல் முடிந்து ஆரம்பித்தோம். முதலில் சொற்களின் எட்டு வகைகள். நான் நோட்டில் அட்டவணை போட்டேன். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. கம்பெனியில் கழித்துப் போட்ட எட்டுக் கோப்பைகளைக் கொண்டுவந்து சமையலறைத் தரையில் வரிசையாக வைத்தாள். நவுனுக்கு ஒன்று, வெர்புக்கு ஒன்று என்று பெயர் சொன்னாள். துண்டுச் சீட்டில் நான் எழுதிக் கொடுத்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் போட்டாள். நல்ல கோப்பை, விரிசல் கோப்பை என்று பிரித்துப் பழகிய கை அது.

"'ஃபாஸ்ட்' எதுலடி போடணும்?"

"வாக்கியத்தப் பொறுத்துக்கா. அட்ஜெக்டிவாவும் வரும், அட்வெர்பாவும் வரும்."

"காலையில ஒரு வூடு, சாயங்காலம் ஒரு வூடா? ஒழுங்கா குடித்தனம் பண்ற வார்த்தையா குடு."

வியப்புச் சொற்களுக்கான கடைசிக் கோப்பையில் எப்போதும் ஒன்றிரண்டு சீட்டுதான் கிடக்கும். "'அய்யோ'வுக்கெல்லாம் எதுக்கு ஒரு தனிக் கோப்பை? உப்பு போட்டு வைக்கலாம்" என்பாள்.

பிறகு வாக்கிய வகைகளுக்கு வந்தோம். செய்தி, கேள்வி, கட்டளை, வியப்பு என்று நான்கையும் சொல்லி முடித்ததும் அக்கா சிரித்தாள். "எங்க கம்பெனியில கட்டளை மட்டுந்தான் ஓடுது. 'தூக்கு', 'வை', 'வாய மூடு'. தங்கதுரை இங்கிலீஷ்ல பரீட்சை எழுதுனா அதுல நூத்துக்கு நூறு வாங்குவான்." தங்கதுரை அங்கே மேஸ்திரி.

எதையும் பத்துத் தடவை எழுதிப் பார்த்தால்தான் நிற்கும் என்று நான் சொன்னேன். வீட்டுக்கு வந்து சமைத்து முடித்தபின் அவளுக்கு எழுத நேரமில்லை. வேலையிலேயே வழி கண்டுபிடித்தாள். காய்ந்த கோப்பையின் அடியில் பென்சிலால் எழுதினால் சூளையில் வேகும்போது எரிந்து போய்விடும். சுவடே இருக்காது. அதனால் எண் எழுதிய கையோடு பக்கத்தில் பென்சிலால் ஒரு வாக்கியம். காலையில் செய்தி வாக்கியம், சாப்பாட்டுக்குப் பின் அதே வாக்கியம் கேள்வியாக. யாராவது வந்தால், பக்கத்தில் உட்காரும் கமலம் இருமிக் காட்டுவாள். ஆறு மாதம் இப்படி நடந்தது. ஆயிரக்கணக்கான கோப்பைகளில் இங்கிலீஷ் எழுதப்பட்டு வெந்து மறைந்தது.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. ஒருநாள் எண் எழுதிய நீலக் குச்சியைக் கீழே வைக்காமல் அதே குச்சியால் வாக்கியத்தையும் எழுதிக்கொண்டே போய்விட்டாள். மனசு முழுக்க வாக்கியத்தில் இருந்திருக்கிறது. நாற்பது கோப்பை. நீலம் எரியாது. சூளை பிரித்தபோது பளபளக்கும் மெருகுக்கு அடியில் வரிசையாக நின்றது: 'டிட் கமலம் கோ டு த மார்க்கெட்?'

தங்கதுரை ஒரு கோப்பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தானாம். "யாருடி இது, கம்பெனிய கான்வென்ட்டு ஆக்குனது?"

கமலத்தின் பெயர் இருந்ததால் அவளைத்தான் முதலில் பிடித்தான். அக்கா எழுந்து, "நாந்தாங்க எழுதுனேன். அவ மார்க்கெட்டுக்கும் போவல, ஒண்ணுக்கும் போவல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தங்கதுரை சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவளை மாவு சலிக்கும் கொட்டகைக்கு மாற்றினான். அங்கே பறக்கும் தூசியில் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது.

"வேலைய வுட்டுடுக்கா" என்று நான் சொன்னேன்.

"அஞ்சு வாரந்தானடி. இப்ப வுட்டா வூட்டுல அடுப்பு எப்புடி எரியும்? பாஸானதும் அவன் மூஞ்சியில சலிச்ச மாவையே கொட்டிட்டு வரேன்."

முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு போனாள். பத்துத் தடவை எழுதச் சொன்னது நான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஐந்து வாரந்தான் காரணம் என்று டாக்டரும் சொல்லவில்லை, பதினான்கு வருஷத்துத் தூசி என்றுதான் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பரீட்சை மண்டபத்தில் இருமிக்கொண்டே எழுதினாளாம். தண்ணீர் கொண்டுவந்து வைத்த வாத்தியாரம்மாவிடம் 'தேங்க் யூ' சொன்னதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முடிவு வந்தபோது நாற்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால் போதும். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆறு மார்க்கு கூடவே வாங்கிட்டேன்டி. கமலத்துக்கு மூணு குடுத்துடலாம்" என்றாள். அதற்குள் நாலு படி ஏறினால் உட்கார வேண்டிய நிலைக்கு வந்திருந்தாள். வேலைக்குப் போவது தானாகவே நின்றது.

மார்கழியில் அமைப்பாளர் வேலைக்கு விண்ணப்பப் படிவம் வந்தது. எழுதித் தருகிறேன் என்றேன், விடவில்லை. பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி எல்லாம் அவளே எழுதினாள். கல்வித் தகுதி என்ற இடத்தில் பேனாவை அழுத்தியதில் தாளின் பின்பக்கம் வரை எழுத்துப் புடைத்திருக்கிறது. போட்டோ எடுக்க மட்டும் வர மறுத்துவிட்டாள். "இந்த மூஞ்சியப் பாத்தா சோறு போடற வேலை எப்புடிக் குடுப்பாங்க? கொஞ்சம் தேறட்டும். பொங்கல் கழிச்சுப் போவலாம்" என்றாள். பொங்கலன்று மூச்சு முட்டி, புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம்.

விண்ணப்பம் என் கடை மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. போட்டோ ஒட்ட வேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.