‘கூப்பிடுதூர’த்துக்கு ஒரு சாட்சி

இசக்கிசெல்வி செத்துப்போய்விட்டாள் என்று ஒரு நாள் முழுக்க ஊரே நம்பியது. செத்தவளோ காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, பசிக்குது பசிக்குது என்று நர்ஸ் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

திசையன்விளைப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் வேலை, சேரப்பணஞ்சேரியில் ஹாஸ்டல். போன மழைக்காலத்தில் கம்பெனி பஸ் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் கவிழ்ந்தது. அவ்வளவுதான், ‘மூணு பொண்ணுங்க காலி’ என்று வாட்ஸப்பில் கிளப்பிவிட்டார்கள். அதில் இவள் படமும் இருந்தது. கம்பெனி வாயே திறக்கவில்லை. இவள் போனோ பஸ்ஸுக்கடியில் சேற்றில் கிடந்தது. ஊரில் அவள் அம்மா நாச்சியார், தெருவில் விழுந்து புரண்டாள்.

அப்போது ஆரஞ்சுப் பழத்தோடு, சொந்தக்காரர் மாதிரி வார்டுக்குள் நுழைந்தவர்தான் வசந்தகுமார். மண்ணூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் ‘கூப்பிடுதூரம்’ என்று வாரப் பத்திரிகை நடத்துகிறவர். “மொதல்ல அம்மாகிட்ட பேசும்மா” என்று தன் போனை நீட்டினார். பேட்டியெல்லாம் அப்புறம்தான். அந்த வாரம் ‘ஒருவரும் சாகவில்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டார். அந்தப் பேப்பரை நாச்சியார் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வைக்க மாட்டாளா பின்னே?

அடுத்த வாரம்தான் வந்தது வினை. பிரேக் இல்லாத பஸ்ஸை ரோட்டில் ஓடவிட்ட அரசாங்க அதிகாரி யார் என்று கேட்டுவிட்டார் மனுஷன். சும்மா விடுவார்களா? சாவு வதந்தி பரப்பிப் பீதி கிளப்பியதாக அரசாங்க உத்தரவு வந்தது. மாடி அறைக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அடப்பாவிகளா, சாகவில்லை என்று எழுதியவர் மேலேயே சாவு வதந்தி கேஸ்!

மேலதிகாரி முன்னால் விசாரணை. அன்றைக்குச் சாட்சி சொல்ல ஆள் வராவிட்டால் பத்திரிகைக்கு ஒரேயடியாக மூடுவிழாதான். கால் பாதி சரியாகி வேலைக்குத் திரும்பியிருந்த இசக்கிசெல்வி லீவு கேட்டாள். “லைன்ல ஆள் இல்ல. போனா அப்படியே போயிடு” என்றார் சூப்பர்வைசர் எழிலரசன். இந்த வேலை போனால் ஊரில் அடுப்பு எரியாது.

பக்கத்து மிஷின் ஐஸ்வர்யா பென்னலூர்க்காரி. “இன்னாடி, மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற? நீ போ. நாங்க பாத்துக்கறோம்” என்றாள்.

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. எவளாவது பாத்ரூம் போனால், இந்தப் பக்கத்தவளும் அந்தப் பக்கத்தவளும் அவள் தையலைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். சீட் தேங்கி லைன் நின்றால்தான் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும்; சூப்பர்வைசர் கண்ணெல்லாம் அந்த விளக்கில்தான். பாத்ரூமுக்குச் செய்கிறதை அன்றைக்கு அரை ஷிப்டுக்குச் செய்தார்கள். கேட்டில் செக்யூரிட்டி அந்தோணிராஜ், இவள் வெளியேறும்போது ரொம்ப அக்கறையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யூனிஃபார்மோடு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துபோய் நின்றாள்.

“நீ யாரும்மா?” அதிகாரி ஃபைலிலிருந்து நிமிரவில்லை.

“நாந்தான் சார் செத்துப்போனவ.”

இப்போது நிமிர்ந்தார்.

“வாட்ஸப்புல என்னையக் கொன்னுட்டாவ சார். இந்த அண்ணன்தான் எங்கம்மாவுக்கு என்னையத் திருப்பிக் குடுத்தாவ. இவிய எழுதுனது வதந்தின்னா, இங்க நிக்கது யாரு?”

ஃபைலை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். வதந்திக் குற்றச்சாட்டு நிற்காது என்று அதிகாரி எழுதத்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் அரசாங்கக் காரியமாயிற்றே, சீல் உடைக்கப் பொங்கல் கழிந்தது.

அன்றைக்கு அவள் லைனுக்குத் திரும்பி வரும்வரை விளக்கு எரியவே இல்லை. ஐஸ்வர்யாவின் விரல்தான் வீங்கிக் கிடந்தது. இசக்கிசெல்வி அதைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். “ஐய, சீட்டு நனையுது பார்டி, கஸ்மாலம்” என்று கையை உருவிக்கொண்டாள் அவள்.

மறுபடி வந்த முதல் ‘கூப்பிடுதூர’த்தில் இவள் படத்தைப் போட ஆசைப்பட்டார் வசந்தகுமார். வேலைக்கு ஆபத்து, வேண்டாமென்று கெஞ்சினாள். பேரில்லாமல் முதல் பக்கத்தில் ஒரே வரி போட்டார்: ‘விளக்கு எரியாமல் பார்த்துக்கொண்ட கைகளுக்கு நன்றி.’

கேன்டீனில் எழிலரசனும் அதைப் படித்தார். நிமிர்ந்து எதிர்மேஜைப் பெண்களைப் பார்த்தார். அத்தனை பேரும் அவசர அவசரமாகச் சாம்பாரைப் பிசைந்தார்கள். அவர் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்துபோனார்.