என் ஒயர் தொடாத பேட்டரி

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், லாரி முதலாளி, அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த பெரம்பலூர் பேட்டரிக்காரர், வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மீன்சுருட்டி டிரைவர், கேட்டுக்கு எதிரே டீ விற்கும் அக்கா. ஆக ஐந்து பேர். லாரி நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது, அதைச் சேர்க்கவில்லை. இதை இவ்வளவு சுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லாரி பேட்டரியை நான் கெடுத்துவிட்டேன் என்று என் கூலியில் பணம் பிடித்தார் முதலாளி. திருப்பிக் கேட்டால், "யாரு பாத்தா? யாரு சொன்னா?" என்கிறார். ஐந்து பேர் பார்த்தோம். அவரும் அதில் ஒருவர்.

இடம், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லாரி நிறுத்தம். லோடு ஏற்ற வருகிற வண்டி அங்கே ஒரு நாளும் நிற்கும், மூன்று நாளும் நிற்கும். முறை வந்தால் போனில் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான். போன் செத்தால் பிழைப்பு செத்தது. சித்திரை வெயிலில் கேபினுக்குள் இருப்பதும் இட்லிப் பானைக்குள் இருப்பதும் ஒன்று. இன்ஜினை ஓடவிட்டுக் காற்று வாங்கினால் டீசல் கணக்கு கேட்பார்கள். 'ஓட்டுநர் ஓய்வறை' என்று பெரிய எழுத்தில் போர்டு வைத்த கட்டடம் ஒன்று உண்டு. உள்ளே பிளக் பாயிண்ட் அத்தனையையும் டேப் ஒட்டி அடைத்திருக்கிறார்கள். எவனோ கரண்ட் அடுப்பு வைத்துச் சோறு பொங்கினானாம். பொங்கினால் என்ன? மூன்று நாள் நிறுத்தி வைத்தால் மனுஷன் சாப்பிட மாட்டானா? பக்கத்து ஆபீசில் ஏசி ஓடி ஓடி, தண்ணீர் சொட்டி எங்கள் பக்கச் சுவரே பாசி பிடித்துக் கிடந்தது.

எனக்குப் பயம் கொஞ்சம் கூடுதல். முதலில் பவர் பேங்க் வாங்கினேன். டேஷ்போர்டில் வைத்த வெயிலுக்கு அது உப்பிப் போனது. வெடித்துவிடுமோ என்று சோறாக்கும் சட்டிக்குள் போட்டு வண்டிக்கு வெளியே வைத்துக்கொண்டு இரண்டு நாள் காவல் இருந்தேன். டீக்கடை அக்காவிடம் பத்து ரூபாய் கொடுத்தால் சார்ஜ் போடலாம். ஆனால் போன் கடையில் கிடக்கும்போது கூப்பிட்டுவிட்டால்? பாதி டீயில் எழுந்து எழுந்து ஓடிப் பார்ப்பேன்.

அப்புறம் எல்லா டிரைவரும் செய்கிற காரியத்தை நானும் செய்தேன். லாரியில் இரண்டு பேட்டரி, சேர்ந்து இருபத்துநாலு வோல்ட். கேபினில் மாட்டுகிற சின்னக் கரண்ட் காத்தாடி பன்னிரண்டு வோல்ட். அதனால் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் ஒயர் எடுப்போம். அந்த ஒன்று இளைத்துக்கொண்டே வரும், மற்றது அளவுக்கு மீறி ஏறிக் கொதிக்கும். ஆறு மாதத்தில் இரண்டும் போயின. அது என் தப்பு. பாதி விலையைப் பிடித்தார் முதலாளி. வாயைத் திறக்காமல் கொடுத்தேன்.

அந்தச் சூட்டுக்கு அப்புறம்தான் சோலார். கீழப்பழுவூரில் வீட்டுக்காரி கட்டிய சீட்டை எடுத்து, பேனல் ஒன்று, தனியாகச் சின்ன பேட்டரி ஒன்று, சார்ஜ் அளவோடு ஏற நடுவில் வைக்கிற பெட்டி எல்லாம் வாங்கினேன். சொல்லிக்கொடுத்தது அந்தப் பேட்டரிக்காரர்தான். நான் ஏழாவதோடு நின்றவன், பழைய டோக்கன் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு வாங்கிக்கொண்டேன். லாரி பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே வராதே என்று திரும்பத் திரும்பக் கேட்டதில் அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"யோவ், பொண்ணு பாக்க வர்றவங்ககூட இத்தன கேள்வி கேக்க மாட்டாங்கய்யா!"

கேபின் கூரையில் ஓட்டை போடவில்லை. மேலே இருந்த கம்பியில் கயிறு போட்டுக் கட்டினேன். சின்ன பேட்டரி சீட்டுக்குப் பின்னால். வண்டி நிற்கிற இடமெல்லாம் ஒயரைத் தொட்டுச் சூடு பார்ப்பேன்.

அன்று காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. உடனே எடுத்தேன், சார்ஜ் நிறைய இருந்தது. சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. பின்னால் மீன்சுருட்டி டிரைவர் ஹாரன் அடித்தார்.

"என்னண்ணே, காத்தாடிக் காத்துல தூங்கிட்டீங்களா?"

"பேட்டரி போச்சுப்பா. நீ போ."

அவர் பேட்டரியில் இருந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் பண்ண இரண்டு பேரிடமும் கேபிள் இல்லை. சங்கடப்பட்டுக்கொண்டேதான் சுற்றிப் போனார். நான் முதலாளிக்குப் போன் போட்டேன். மத்தியானம் அவர் லோடோடு வெளியே வந்து ஓரம் கட்டிய நேரம் முதலாளியும் பேட்டரிக்காரரும் வந்து இறங்கினார்கள். முதலாளி பேட்டரிப் பெட்டியைப் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்தார்.

"பாத்தியா, மறுபடியும் உறிஞ்சிட்டான்! தொரைக்குக் காத்து வேணும், எம் பேட்டரி சாவணும்!"

"மொதலாளி, இது தனிங்க. சோலாருங்க. அதுல ஒயரே எடுக்கலைங்க."

"போன தடவையும் இந்த மூஞ்சிதான வச்சிருந்த?"

போன தடவை செய்தவன்தானே நான். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. பேட்டரிக்காரர் கூரையில் ஆரம்பித்து ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே சீட்டுக்குப் பின்னால் வரை போனார். பிறகு கீழே இறங்கி லாரி பேட்டரியில் மீட்டர் வைத்தார்.

"மொதலாளி, இவரு ஒயரு இந்தப் பக்கமே வரல. இது வயசாயிப் போச்சு. போன தடவ நாந்தான மாட்டுனேன்? பழசு போதும்னீங்க, பழசுதான போட்டோம்."

பழசு! பாதி விலை என்று என்னிடம் பிடித்தது புது பேட்டரிக்கு.

"ஒனக்குக் காசு யாரு குடுக்குறா, நானா அவனா?" என்றார் முதலாளி. பேட்டரிக்காரர் தலையைக் குனிந்து திருப்புளியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மீன்சுருட்டி டிரைவர், "அதான் சொல்றாருல்ல, எங்க கண்ணு முன்னாடிதான பாத்தாரு," என்றார்.

டீக்கடை அக்கா கடையில் இருந்தபடியே குரல் கொடுத்தார். "ஏங்க மொதலாளி, வெயிலுக்கும் சேத்துப் பணம் புடிச்சிருங்க. அதுவும் ஒங்க வண்டி மேலதான அடிக்குது!"

"நீ டீய ஆத்து தாயி."

சிரித்தோம். சிரித்ததோடு சரி. இரண்டு புது பேட்டரி வந்தது. மூன்று மாதக் கூலியில் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் பிடித்துவிட்டார். பேனலையும் கழற்றச் சொன்னார், வண்டிக்கு அசிங்கமாம். மூன்று நாள் வேர்வையில் ஊறிய சட்டையோடு மனுஷன் உள்ளே கிடப்பது அசிங்கமில்லை.

வேலையை விட்டேன். இப்போது வேறு ஒருவர் வண்டி. அதன் கூரையில் என் பேனல்.

பிறகு ஒரு நாள் பெரம்பலூரில் பேட்டரிக்காரரைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்காமல் அந்த இரண்டு புது பேட்டரியின் பில் நகலை எடுத்து நீட்டினார். பழைய பேட்டரிகளை எடுத்துக்கொண்டதற்கு அதில் நாலாயிரத்து ஐந்நூறு கழித்திருந்தது. முதலாளி கொடுத்ததே பதினைந்தாயிரம்தான். என்னிடம் வாங்கியது அதற்கும் மேலே. அந்தப் பில்லோடு முதலாளி வீட்டு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கவும் நாலாயிரத்து ஐந்நூறை எண்ணிக் கையில் வைத்தார்.

"இத்தோட முடிஞ்சுது, போ."

எப்படி முடியும்? செய்த தப்புக்குக் கொடுத்தேன், அதை நான் கேட்கவில்லை. செய்யாத தப்புக்குப் பிடித்ததில் அவர் இன்னும் தர வேண்டியது பதினைந்தாயிரம் ரூபாய்.