லாரியில் வந்த தேரை

ஆய்வு நிலையத்தில் எல்லோரும் அவளைத் தேரைக்காரி என்றே கூப்பிட்டார்கள். கேலியாக ஒட்டிய பெயர்தான். நாளடைவில் அவளே போனை எடுத்து, "தேரைக்காரி பேசுறேன்" என்று சொல்லும் அளவுக்குப் பழகிப்போனது.

அவள் பார்த்துக்கொண்டவை, பக்கத்து மழைக்காட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத ராட்சதத் தேரைகள். இரு கைகளாலும் ஏந்தினாலும் பிதுங்கி வழியும். மரங்களை வெட்ட வெட்ட ஓடைகள் வற்றின. எஞ்சியவற்றைத் தோலில் பிடிக்கும் ஒரு பூஞ்சை வாரிக்கொண்டு போனது. தப்பியவற்றைக் கால்நடை மருத்துவர் பிடித்துவந்து, ஓர் அறையில் வரிசையாகத் தொட்டிகளில் வைத்திருந்தார். இனம் பெருகினால் காட்டில் விடலாம் என்ற நம்பிக்கை. கரப்பான் வளர்த்து இரை போடுவதும் தொட்டி கழுவுவதும் அவள் வேலை.

அவள் கணவன் அதே காட்டிலிருந்து மரம் ஏற்றிவரும் லாரி டிரைவர். ஒருவர் அழிக்க ஒருவர் காப்பாற்ற, நல்ல குடும்பம் என்று அவள் குத்திக்காட்டுவாள். சிரித்து மழுப்பினாலும் அது அவனை உறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு மதியம் மண் ரோட்டின் நடுவில் ஒரு பெண் தேரையைப் பார்த்து லாரியை நிறுத்தினான். வயிறு நிறைய முட்டை. ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்து ஓட்டிவந்தான். நிலையத்தில் அவள் சாப்பிடப் போயிருந்தாள், மருத்துவரும் வெளியூரில். புதிதாக வருவதைத் தனியே வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே சேர்ப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. வாடிவிடுமே என்று பதறி, இருப்பதிலேயே பெரிய தொட்டியில் இறக்கிவிட்டான்.

அவள் திரும்பி வந்தபோது வாசலிலேயே காத்திருந்தான்.

"உனக்காகத்தான் கொண்டாந்தேன். உள்ள போய்ப் பாரு, எவ்ளோ பெருசு."

அது கிடந்த தொட்டியைப் பார்த்ததும் அவள் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயை அடைத்தாள். ஆனால் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றிக்கொண்டிருந்தது. புதுத் தேரையோடு வந்த பூஞ்சை அதற்குள் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போயிருந்தது.

வந்த தேரை முட்டையிடாமலே செத்தது. பிறகு மற்றவற்றின் தோல் உரியத் தொடங்கியது. காலையில் ஒவ்வொன்றாக மல்லாத்திப் பார்ப்பாள். நல்ல தேரை சட்டென்று புரண்டுகொள்ளும். இவை போட்டபடியே கிடந்தன. மருந்துத் தண்ணீரில் முக்கியும் பலனில்லாதவற்றுக்கு, வலியில்லாமல் சாக ஊசி போட்டுவிடலாம் என்றார் மருத்துவர். அவள் பிடித்துக்கொள்ள, அவர் போட்டார். கதவைத் திறந்தது தான்தான் என்று கணவன் வந்து ஒப்புக்கொண்டபோது, பூட்டு போடாதது தன் தப்பு என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அவள் சோறு போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

"ரெண்டு வார்த்தை திட்டவாவது செய்யேன்" என்றான் ஒருநாள்.

"திட்டுனா உனக்கு ஆறிடும்."

பிழைத்தவை சில. அத்தனையும் ஆண். பெண் ஒன்று கிடைக்காவிட்டால் இவற்றோடு முடிந்தது என்றார் மருத்துவர். அதனால் மழை பிடித்தால் அவள் ஓடை ஓடையாகத் தேடப் போகிறாள். காட்டுக்குள் மலைமேல் அவ்வளவு தூரம் போக அவன் லாரியை விட்டால் வழியில்லை. அவளை இறக்கிவிட்டு அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். கூட வா என்று அவள் கூப்பிட்டதில்லை.

இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.