ஒன்னி காங்காஸின் பரண்

ஒன்னி காங்காஸ் முப்பத்தொரு வருடம் மிச்சிகனின் வடகோடியில் சாலைப்பனி அள்ளும் லாரி ஓட்டினார். ஊரில் யாரைக் கேட்டாலும் லாரியைச் சொல்லமாட்டார்கள். அவருடைய பரணைத்தான் சொல்வார்கள். கிழட்டு மேப்பிள் மரத்தில் சாத்திய இரும்பு ஏணி, உச்சியில் ஓர் ஆள் உட்கார இருக்கை. நவம்பர் பதினைந்தில் மான் வேட்டை தொடங்கும். மானுக்கு மனித வாடை எட்டாதிருக்க, ஒரு வாரம் முன்பே மணமில்லாத சோப்பில் உடுப்பைத் துவைத்து, தேவதாருக் கிளைகளோடு பெட்டியில் பூட்டிவிடுவார். அன்றிலிருந்து வீட்டில் வெங்காயம் வதக்கக் கூடாது. விடியுமுன் ஐந்து ஐம்பத்திரண்டுக்கு முதல் படியில் கால் வைப்பார். ஒரு நிமிடம் முன்பின் ஆகாது.

மனைவி வெர்னாவின் தம்பி லாயல்தான் வேட்டைத் துணை. தவறினாலும் விழாதபடி மரத்தோடு பிணைக்கும் இடுப்பு வாரை மாட்டிக்கொள்ளச் சொல்லி மன்றாடுவான்.

"எனக்குத் தொட்டில் கட்டப் பாக்கறியா? நீ ஏணிப் பட்டைய ஒழுங்கா மாத்து மாப்ளே, அது போதும்" என்பார் ஒன்னி.

மரம் பருக்கும், வெயிலில் நைலான் இற்றுப்போகும். அதனால் ஏணியை மரத்தோடு இறுக்கும் இரண்டு நைலான் பட்டைகளையும் ஆகஸ்டு தோறும் மாற்றவேண்டும். நடுப்பட்டை விட்டுப்போனால், ஆள் ஏறும்போது ஏணி உள்வளைந்து அவரைக் கீழே உதறிவிடும். போன ஆண்டு லாயல் மேல்பட்டையை மாற்றினான். நடுப்பட்டைக்கு வருமுன் குளவி துரத்தியது, இறங்கி ஓடிவிட்டான். மாலையில் ஒன்னி கேட்டபோது, "ரெண்டும் மாத்தியாச்சு மாமா" என்றான்.

வேட்டையின் முதல் நாளே ஒன்னி விழுந்து இறந்தார். படியில் உறைபனி, வழுக்கிவிட்டது என்றார்கள். மேல்பட்டை பிடித்திருந்ததால் ஏணி சாயவில்லை. யாரும் ஏறிப் பார்க்கவில்லை. லாயலும் பார்க்கவில்லை. பார்த்தால் அக்காவிடம் சொல்லவேண்டிவரும்.

இந்த அக்டோபரில் அது தொடங்கியது. பரணுக்கு எதிர்மரத்தில் ஒன்னி கட்டிய கேமரா, ஏதாவது அசைந்தால் படமெடுத்து அவர், லாயல் இருவர் கைபேசிக்கும் அனுப்பும். ஒரு காலை லாயலுக்குப் படம் வந்தது. வெறும் பரண். மானில்லை, ஆளில்லை. நேரம் 5:52. மறுநாளும் அதே நேரம், அதே பரண். பதினெட்டு நாள் விடாமல் வந்தது.

பத்தொன்பதாம் நாள் பகலில் போனான். நடுப்பட்டை அறுந்து, நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. இதுதான் அசைந்திருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். காற்று மணி பார்த்தா வீசும் என்று யோசிக்காமல், மிச்சத்தை அவிழ்த்துப் பையில் போட்டான்.

மறுநாள் விடியுமுன் அக்காவின் சமையலறையில், ஏலக்காய் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தான்.

"நடுப்பட்டைய நான் மாத்தலக்கா. மாமாகிட்ட பொய் சொன்னேன்."

வெர்னா காபியைக் கீழே வைத்தாள். "அன்னிக்குக் கிளம்பறப்ப ஏணி சரியா இருக்கான்னு கேட்டேன். 'உன் தம்பி மாத்திட்டேன்னான், அப்புறம் என்ன'ன்னாரு."

அலமாரியில் ஏதோ அதிர்ந்தது. ஒன்னியின் கைபேசி. அதற்கு அவள் இன்னும் சார்ஜ் போட்டுவந்தாள். லாயலின் சட்டைப்பையிலும் அதிர்ந்தது.

"இங்கயும் தினம் வருதுடா. நீ எப்ப வந்து வாயத் திறப்பேன்னுதான் காத்திட்டிருந்தேன்."

லாயல் எடுத்துப் பார்த்தான். 5:52. ஆடுவதற்கு இனிப் பட்டை இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஓர் இலை அசையவில்லை. பரணில் யாருமில்லை. ஆனால் ஏணி நடுவில் உள்வளைந்திருந்தது, பாரம் ஏறியதுபோல.