மூன்று விநாடி

சின்னசேலத்துக்காரரான இளமாறன் பதினாறு வருடமாக ராணுவத்தில் டேங்க் பீரங்கியைக் குறிபார்த்துச் சுடுகிறவர். புதிதாக வருபவர்களில் யாருக்குக் குறி அமையும் என்பதைக் குண்டு செலவழிக்காமல் கண்டுபிடிக்க ஒரு சோதனை தயாரிக்கச் சொல்லியிருந்தார் மேஜர். விடுப்பில் வந்தவர் வீட்டிலேயே அதைச் செய்து முடித்தார். லேப்டாப் திரையில் புழுதிக்குள்ளிருந்து ஒரு டேங்க் வரும். எதிரியுடையது என்றால் மூன்று விநாடிக்குள் குறிவைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். நம்முடையது என்றால் தொடவே கூடாது.

முதல் ஆளாகத் தானே உட்கார்ந்தார். மனைவி சிவரஞ்சனி மதிப்பெண் குறித்தாள்.

"இன்னாங்க, நம்ம டேங்கையே ரெண்டு வாட்டி சுட்டுட்டீங்க?"

இளமாறன் மறுபடி உட்கார்ந்தார். மறுபடியும் ஒரு தவறு. மூன்றை ஐந்து விநாடியாக்கிப் பார்த்தார், ஒன்றுகூடத் தவறவில்லை. மாற்றியதை யாரும் கேட்கப்போவதில்லை.

மறுநாள் கரியாலூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். மலைப்பாதையில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவர் கை முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இறங்கி நடக்கையில்தான் வாய் திறந்தார்.

"போன வருசம் பயிற்சியில, புழுதியில நம்ம டேங்க் மேலயே குறி வெச்சிட்டேன் ரஞ்சனி. பக்கத்துல இருந்தவரு கத்தினாரு. இல்லாட்டி மூணு பேரு போயிருப்பாங்க. யாருக்கும் சொல்லல."

அவள் நின்றுவிட்டாள். "அப்ப அஞ்சு விநாடி வெச்சா, உங்கள மாதிரி இருக்கறவங்களும் பாஸ் ஆயிடுவாங்களே?"

அவர் விடுப்பு முடிந்து போனபோது சோதனையில் மூன்று விநாடிதான் இருந்தது. மதிப்பெண் பட்டியலில் முதல் பெயராகத் தன் பெயரையும் மதிப்பெண்ணையும் எழுதி மேஜரிடம் நீட்டினார். போன வருடத்துக் கதையையும் சொன்னார். அன்றே பீரங்கி இருக்கையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். சோதனை நடத்தும் வேலை மட்டும் மிஞ்சியது.

புதிதாக வந்த இருபது பேர் சோதனையில் உட்கார்ந்தார்கள். மதிப்பெண்களை உறையில் வைத்து ஒட்டிவிட்டு, சோதனை சரிதானா என்று பார்க்க எல்லோருக்கும் நிஜக் குண்டு கொடுத்துச் சுடவைத்தார்கள். உறையைப் பிரித்தபோது, மதிப்பெண்ணில் கடைசியாக வந்த ஐந்து பேரில் நான்கு பேர் களத்திலும் தவறியிருந்தார்கள். ஐந்தாமவன் அத்தனையையும் அடித்திருந்தான்.

மேஜர் கைகொடுத்தார். இளமாறனுக்கோ அந்த ஐந்தாமவன்தான் கண்ணில் நின்றான். இந்தச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் அவனை அநியாயமாக வெளியே தள்ளியிருப்போமே!

"சோதனையில தவறினவங்களுக்கு இன்னொரு நாள், இன்னொரு வாட்டி வெக்கணும் சார்" என்றார். ஒப்புக்கொண்டார்கள்.