மஞ்சள் காமாலை என்று சொன்னோம்

தம்பிக்கு மஞ்சள் காமாலை என்று சொந்தக்காரர்களிடம் சொன்னது நான்தான். வலி மாத்திரைகளை ஊசியாக ஏற்றிக்கொள்ளும் பழக்கத்திலிருந்து மீள, அவனைச் சிதம்பரத்தில் ஒரு மையத்தில் சேர்த்திருந்தோம். ஒரு கல்யாணத்துக்கு அவன் ஏன் வரவில்லை என்று நெல்லிக்குப்பத்திலிருந்து மாமா போனில் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். காமாலை என்றேன். மாமா கேட்கக் கேட்க, கண் மஞ்சளாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று விவரங்களையும் சேர்த்தேன். பிறர் எழுதும் செய்திகளில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

தம்பி வீடு திரும்பும்போது மையத்தின் ஆலோசகர் எங்களிடம் தெளிவாகச் சொன்னார். உடம்பிலிருந்து போதை மருந்து இறங்கிவிட்டது. இனிமேல்தான் சிகிச்சையின் நீண்ட பகுதி. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவன் குழுக் கூட்டத்துக்கு வர வேண்டும். மாதம் ஒரு முறை வீட்டாரும் வர வேண்டும். அம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மறுநாளே மாமா செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கரும்பு வயலின் வரப்பில் பிடுங்கிய கீழாநெல்லி ஒரு பை நிறைய. வேரோடு அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். உப்பு, எண்ணெய், புளி கூடாது. வெயிலில் அலையக் கூடாது. அம்மா அரைத்தார். தம்பி மாமாவின் முன் நின்று குடித்தான். பை தீருவதற்குள் அடுத்த பை வந்தது. காலையில் மாமா போன் செய்து குடித்தானா என்று அவனையே கேட்பார். அவனால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அவன் தட்டிலிருந்த உப்பில்லாத சோற்றை நாங்கள் மூவரும் ஒரே மேசையில் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா தட்டிலும் என் தட்டிலும் மீன் குழம்பு இருந்தது.

முதல் வியாழக்கிழமை மாமா வீட்டில் இருந்தார். காமாலைக்காரன் பஸ்ஸில் வெயிலில் போவதா என்று தடுத்தார். அம்மா, அடுத்த வாரம் போகட்டும் என்றார். அடுத்த வாரம் அத்தையும் பார்க்க வந்தார். ஆலோசகர் இரண்டு முறை என்னை அழைத்தார். அலுவலகத்தில் இருப்பதாகச் சொல்லிப் பிறகு பேசுகிறேன் என்றேன். பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில், துணி மடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் தம்பி வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, இன்னிக்கு முதுநகர் ஜங்ஷன் வரைக்கும் போயிட்டேன். மாத்திரை விக்கிறவனுங்க அங்கதான் இருப்பானுங்க. பாக்காம திரும்பிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அடுத்த தபா திரும்புவேனான்னு தெரில."

மூன்றாவது வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். வீட்டார் போகவேண்டிய கூட்டமும் அன்றுதான். தம்பியும் நானும் செருப்பு போட்டுக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். எங்கே என்றார். சிதம்பரம், டாக்டரிடம் என்றேன். நானும் வருகிறேன், பத்தியத்தை எப்போது முறிப்பது என்று டாக்டரையே கேட்டுவிடலாம் என்று எங்களுக்கு முன்னால் நடந்தார்.

பஸ்ஸில் மாமாவும் தம்பியும் ஒரு சீட்டில். நான் அவர்களுக்குப் பின்னால். சிதம்பரம் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். முதுநகரைத் தாண்டும்போது தம்பி எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. ஆலப்பாக்கம் வந்தது. மாமா அவன் முகத்தைத் திருப்பி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"வெள்ளையாதான் இருக்கு மாப்ள. சாறு வேலை செஞ்சிடுச்சு."

"மாமா, எனக்குக் காமாலை இல்ல," என்றான் தம்பி. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஊசி, மாத்திரை, மையம், வியாழக்கிழமை. குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

கண்டக்டர் இருமுறை கடந்து போனார்.

"அப்ப நான் குடுத்த கீழாநெல்லி?"

"குடிச்சேன் மாமா. ஒரு நாளும் விடல."

"எவன்டா இந்தக் காமாலைக் கதைய கட்டுனது?"

என் கைகள் முன்சீட்டின் கம்பியில் இருந்தன. தம்பி திரும்பவில்லை. "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்," என்றான்.

அவன் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. போன் வந்த அன்று அவன் மையத்தின் கட்டிலில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். பொய் சொல்லாமல் இருப்பதுதான் அங்கே அவனுக்குக் கொடுத்திருந்த முதல் பயிற்சி. அவன் அதை எனக்காக முறித்துக்கொண்டிருந்தான். நான் திருத்தவில்லை. புதுச்சத்திரம் போனது, முட்லூர் போனது.

கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மாமா தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டார் ஒவ்வொருவராகப் பேச வேண்டும். என் முறை வந்தபோது, காமாலை என்று சொன்னது நான், அவன் அல்ல, இரண்டு வாரம் அவன் இங்கே வராததும் அதனால்தான் என்றேன். அவனுக்காகச் சொன்னேன் என்று சேர்க்க வாய்வரை வந்தது. அது உண்மையில்லை. சொந்தத்தில் என்னை என்ன நினைப்பார்கள் என்றுதான் யோசித்தேன். அதையும் சொன்னேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆலோசகர் நன்றி என்று சொல்லி அடுத்தவரைப் பார்த்தார்.

திரும்பும்போது மாமா என்னைப் பார்க்காமல் தம்பியோடு முன்னால் நடந்தார். பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில் தம்பிக்கு மட்டும் இரண்டு பரோட்டா, சால்னா வாங்கிக் கொடுத்து, அவன் சாப்பிடுவதைப் பார்த்தபடி நின்றார்.

"உப்பு போதுமா?"

"போதும் மாமா."

"அடுத்த வாரமும் வியாழந்தான?"

"ஆமா."

"நான் வந்து கூட்டிக்கிணு போறேன். நீ கெளம்பி இரு."

நான் மூன்று டிக்கெட் எடுத்தேன். அவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள்.